டாரில் கலந்த பீப்பாய்

டாரில் அந்த எஞ்சினைத் தன் கையால் பூட்டினானே தவிர, அது ஓடிக் கேட்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவன் செத்த பிறகு லீத் அதைக் கிளப்பினான்; இரண்டாம் நாளே அது டாரில் மாதிரியே இருமியது. இரண்டு சின்ன இருமல், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் நெஞ்சைப் பிளக்கிற ஒரு பெரிய இருமல்.

லீத் டியூனர். வண்டியைக் கட்டுகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் ஒருவன். நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வேகத்தில் எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று எஞ்சினுக்குப் பாடம் எடுக்கிறவன் டியூனர். கரும்புக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற அந்தக் குயின்ஸ்லாந்து ஊரில், "லீத் கைபட்ட வண்டி தளத்துல நிக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழும்போதெல்லாம் செவிடன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். உள்ளுக்குள் தித்திக்கும். பெண்டாட்டி பிள்ளை என்று எதுவும் தங்காத மனிதனுக்கு அந்தப் பேச்சு ஒன்றுதான் சொத்து.

தளம் என்றால் கான்கிரீட் தளம். வருஷா வருஷம் மழை மாதத்தில் அங்கே பர்ன்அவுட் போட்டி நடக்கும். வண்டியை உள்ளே விட்டு, பின்சக்கரங்களை நின்ற இடத்திலேயே வெறிபிடித்த மாதிரி சுழலவிட்டு, புகையில் வண்டியே மறைந்து, கடைசியில் இரண்டு டயரும் வெடிக்க வேண்டும். வெடிக்கும்வரை எஞ்சின் உச்சத்திலேயே நின்று கதறும். பெட்ரோலில் ஓடினால் அந்தச் சூட்டில் எஞ்சின் வெந்து போகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மெத்தனாலுக்குப் போகிறார்கள். அது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். ஆனால் குடித்த இடத்தையெல்லாம் குளிரவைக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட எஞ்சின் தலையில் பனி மாதிரி நீர் கோத்து நிற்கும்.

டாரில் ஆயுள் முழுக்கக் கார்புரேட்டர்க்காரன். "கம்ப்யூட்டர் சொல்லித்தான் என் எஞ்சின் குடிக்கணும்னா அது எனக்கு எதுக்குடா?" என்று லீத்தை வருஷக்கணக்கில் கேலி பேசினவன். போன வருஷம் தளத்தில் வண்டி படுத்துவிட, மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி எரிபொருள் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் பதினாறுக்கு ஆர்டர் கொடுத்தான். அந்த வண்டி ஒரு பழைய யூட், அதாவது பின்னால் சரக்குப் பெட்டி வைத்த கார்; அதன் நம்பர் பலகையில் 'அவளுக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கும். அவளுக்கு, அதாவது அவன் பெண்டாட்டி நோலினுக்கு, எல்லாம் தெரியும்.

கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த சமயம். கரும்பு ஏற்றிய வண்டியோடு ஆலை வரிசையில் நின்ற டாரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விட்டான். வரிசை நகர்ந்தது, அவன் வண்டி நகரவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டினவன் அடுத்த வண்டியில் இருந்த அவன் தம்பி ராய்ஸ். அன்றிலிருந்து ராய்ஸ் ஹாரனைத் தொடுவதில்லை.

அந்தப் பர்ன்அவுட் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவன் செத்தால் அவன் சாம்பலை ஆற்றிலும் கடலிலும் விடமாட்டார்கள். அவனுடைய வண்டியின் பின் டயர்கள் இரண்டிலும் பாதி பாதியாகப் போட்டுக் காற்றடைத்து, தளத்தில் ஓட்டுவார்கள். டயர் வெடிக்கும்போது புகையோடு புகையாக அவன் போக வேண்டும். இரண்டும் வெடித்தால்தான் அவன் முழுசாகப் போனான் என்று கணக்கு. நடுவில் வண்டி நின்றுவிட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது. செத்தவனுக்கும் கேவலம், டியூன் பண்ணினவனுக்கும் கேவலம்.

ராய்ஸ் ஒன்றில் பிடிவாதமாக இருந்தான். ஷெட்டில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. சாவதற்கு முந்தின வாரம் டாரில் கலந்து வைத்த மெத்தனால். அதில் வழுவழுப்புக்காக ஸ்ட்ராபெரி வாசனை எண்ணெய் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஊரெல்லாம் அளந்து ஊற்றும், டாரில் கண்மதிப்பில் ஊற்றுவான், எப்போதும் கூடிப்போகும். அவன் சட்டை, தொப்பி, தலைமயிர் எல்லாம் அந்த வாசனைதான்.

"என் அண்ணன் அவன் கலந்த சரக்குலதான் போவான்," என்றான் ராய்ஸ். "கடைச் சரக்குல அனுப்பறதுக்கு அவன் என்ன அநாதையா?"

"சரிடா. பீப்பாய் என் பொறுப்பு," என்றான் லீத்.

"வண்டிய யார் ஓட்டறது? நான் ஓட்டறேன்."

"நீ போய் உக்காரு," என்றாள் நோலின். பள்ளிக்கூடச் சிற்றுண்டிக்கடையில் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் கனத்த குரல் அவளுக்கு. "முப்பது வருஷம் என்னை ஒரு நாளாவது அந்த சீட்டுல உக்காரவிட்டானா? இப்ப எப்படித் தடுக்கறான்னு பாக்கறேன்."



லீத் தினமும் காலையில் டாரிலின் ஷெட்டுக்கு வந்துவிடுவான். பீப்பாயிலிருந்து வண்டித் தொட்டிக்கு நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உச்சத்துக்குக் கொண்டுபோவான். எட்டுப் புகைக்குழாயின் சூடும் திரையில் எட்டுக் கோடாக ஓடும். முதல் நாள் சாயங்காலம் எட்டுக் கோடும் சேர்ந்து ஓடின. எஞ்சின் ஒரே குரலில் பாடியது. தொட்டியில் மிச்சமிருந்ததை வடித்து, இரும்பும் ரப்பரும் அரிக்காமலிருக்கப் பெட்ரோல் விட்டுக் கழுவிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் பீப்பாயிலிருந்து புதிதாக நிரப்பினான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் எஞ்சின் இருமியது.

வயர் என்று நினைத்தான், மாற்றினான். இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று நினைத்தான், பதினாறையும் கழற்றிக் கழுவினான். தீப்பொறிப் பிளக்கை மாற்றினான். கடைசியில் லேப்டாப்பில் எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிவிட்டான், சாயங்காலத்துக்குள் இருமல் நின்றது. அடுத்த நாள் காலையில் மறுபடியும் இருமல். மறுபடியும் கூட்டினான், நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் பலமான இருமல். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அவன் போட்ட கணக்கையெல்லாம் அழித்து வைப்பது மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஷெட் கதவைத் திறக்கும்போதே ஸ்ட்ராபெரி வாசனை வரும். தொட்டி காலி, எஞ்சின் கழுவியது, பீப்பாயின் மூடி மூடியிருக்கிறது. இருந்தும் டாரில் இப்போதுதான் எழுந்து வெளியே போனான் என்கிற மாதிரி வாசனை அந்த இடத்தில் நிற்கும். கூரையில் பல்லி கத்தும். லீத் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். லீத் அரளுகிற ஆள் இல்லை. எண்களை நம்புகிறவன், ஆவியை நம்பாதவன். ஆனால் எண்களே அவனைக் கைவிட்டால் மனிதன் எதைத்தான் பிடித்துக்கொள்வான்?

ராய்ஸ் முதலில் சிரித்தான். "என்னடா, உன் லேப்டாப்புக்கு ஆவி பாஷை தெரியாதா? அவன்கிட்ட நேரா கேளேன், என்ன வேணும்னு."

"வாய மூடு."

"கார்புரேட்டர் வேணும்னுதான் கேக்கறான். போட்டுக் குடுத்துடு."

அப்போது எஞ்சின் இருமியது. இரண்டு சின்னது, ஒரு இடைவெளி, ஒரு பெரியது. ராய்ஸின் முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த பீரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனவன், அதற்கப்புறம் எஞ்சின் ஓடும்போது ஷெட்டுக்குள் வரவே இல்லை.

தனியாக இருக்கும்போது லீத் பேச ஆரம்பித்தான். முதலில் முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டே. "உனக்கு என்னதாண்டா வேணும்? போக இஷ்டம் இல்லையா? நான் பண்ணினதுல போக இஷ்டம் இல்லையா? சொல்லித் தொலையேன்." எஞ்சின் தலையில் கோத்த நீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. போட்டிக்கு முந்தின வாரம் ஆகிவிட்டது. இந்த இருமலோடு தளத்தில் விட்டால் பாதியில் நிற்கும். ஊர் முன்னால் டாரில் அந்தரத்தில் தொங்குவான். அதை நினைத்தால் லீத்துக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், சிநேகிதன் நிலைமை பாதி, தன் பேர் பாதி.

ஒரு மத்தியானம், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற சாமான் ஒன்றைப் புதிதாக வாங்கிவர டவுனுக்குக் கிளம்பினான். சாயங்காலம்தான் வருவேன் என்று நோலினிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். ஓடையில் வெள்ளம் பாலத்துக்கு மேல் ஓடியது. திரும்பி வந்தான். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவன் வண்டி வந்தது யாருக்கும் கேட்டிருக்காது.

ஷெட்டில் நோலின் இருந்தாள். பால்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பீப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்த வாயருகே முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடி அவள் மடியில் இருந்தது.

"நோலின்! மூஞ்சிய எடு! கண்ணு போயிடும்!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்ணிரண்டும் சிவந்திருந்தன. அது மெத்தனாலால் மட்டும் சிவந்தது இல்லை.

"வெள்ளமா?" என்றாள், கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"எத்தனை நாளா இப்படி?"

"நீ வர்றதுக்கு முன்னாடி. நீ போனதுக்கு அப்புறம். தூக்கம் வராதப்ப வந்து உக்காருவேன்." மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராய்ஸ் பொண்டாட்டி, உதவி பண்றேன்னு வந்து, அவன் துணியெல்லாம் துவைச்சுப் போட்டுட்டா லீத். எல்லாத்தையும். தலகாணி உறை, தொப்பி, ஷெட்டுல தொங்கின அழுக்குச் சட்டை வரைக்கும். மடிச்சு அடுக்கி வெச்சுட்டுப் போனா. நல்ல மனசுதான், நான் என்னத்த சொல்ல? அலமாரியத் திறந்தா சோப்பு வாசனை வருது. யாரோ ஊர் பேர் தெரியாதவன் துணி மாதிரி."

லீத் தலையிலிருந்து சொட்டிய மழைநீரைத் துடைத்துக்கொண்டான்.

"இது ஒண்ணுலதான் இருக்கான். அளவு தெரியாம ஊத்துவானே, அந்த வாசனை. கடையில அதே எண்ணெய் வாங்கிப் பாத்தேன். அது அவன் இல்ல."

லீத் எரிபொருளில் மிதக்கவிட்டுக் கனம் பார்க்கிற கண்ணாடிக் குச்சியை எடுத்துவந்தான். கொஞ்சம் மொண்டு ஊற்றி அதில் விட்டான். எவ்வளவு அமிழ வேண்டுமோ அவ்வளவு அமிழாமல் குச்சி தலைதூக்கி நின்றது. இத்தனை நாளில் வயரைச் சந்தேகப்பட்டான், இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டான், செத்தவனையே சந்தேகப்பட்டான்; தன் கையால் மூடின பீப்பாயை மட்டும் சந்தேகப்படவில்லை. எதையும் அளக்காமல் நம்பாதவன், டாரில் கலந்தது என்பதால் அதை அளக்கவே இல்லை.

"தண்ணி கலந்திருக்கு," என்றான்.

"நான் ஊத்தலையே!"

"ஊத்த வேண்டாம். மூடி திறந்திருந்தாப் போதும். காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் மெத்தனாலே குடிச்சுக்கும். இந்த மழைக்காத்துல கேக்கவே வேண்டாம்."

அவள் மூடியைப் பீப்பாயின் வாயில் வைத்து அழுத்தினாள். "அப்ப இத்தனை நாளா இருமினது நான்தானா?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடிந்ததும் லீத்தின் நெஞ்சில் ஏதோ அறுந்து விழுந்தது. பேய் என்று பயந்தபோது தூக்கம் போனது வாஸ்தவம்தான். ஆனால் பேய் என்றால் டாரில் அங்கே இருந்தான் என்று அர்த்தம். இப்போது அந்த ஷெட்டில் தண்ணீர் கலந்த ஒரு பீப்பாய் மட்டும்தான் இருந்தது.

"ராய்ஸ்கிட்ட சொல்லிடாத," என்றாள் நோலின். "இந்தச் சரக்குல போகலன்னா அவன் மனசு தாங்காது."

வெள்ளம் வடிந்ததும் லீத் புது மெத்தனால் வாங்கிவந்தான். அதில் ஸ்ட்ராபெரி எண்ணெயைக் கண்மதிப்பில் ஊற்றினான், அளவுக்கு மேலேயே. பழைய பீப்பாயை ஷெட் மூலைக்குத் தள்ளி, "மூஞ்சியக் கிட்ட கொண்டு போகாத, தூரத்துல இருந்து மோந்துக்கோ" என்று சொல்லிவிட்டு அதைத் தொடாமல் விட்டான். எஞ்சினுக்குக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டான். எட்டுக் கோடும் ஒன்றாக ஓடின. காலையிலும் அப்படியே, மறுநாள் காலையிலும் அப்படியே. இருமலே இல்லை. அவன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல டியூன் அதுதான். கேட்கப் பொறுக்காமல் சீக்கிரமே சாவியைத் திருப்பினான்.

போட்டி நாளில் ஊரே வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராய்ஸ் டயர் இரண்டிலும் சாம்பலைப் போட்டு, காற்றடைத்து, ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துவிட்டு வந்தான். அறிவிப்பாளர் டாரில் பெயரைச் சொன்னபோது தொப்பிகள் இறங்கின. தீயணைப்பு ஆட்கள் தண்ணீர்க் குழாயோடு தளத்தின் ஓரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்று நடுங்குவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தீக்காப்பு உடையும் ஹெல்மெட்டுமாக நோலின் ஏறி உட்கார்ந்தாள். லீத் குனிந்து பெல்ட்டை இறுக்கினான்.

"நிக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"நிக்காது. நீ கால எடுக்காம இருந்தாப் போதும்."

வண்டி உள்ளே போனது. எஞ்சின் ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்று கதறியது. பின்சக்கரத்தடியிலிருந்து வெள்ளைப் புகை பொங்கி, வண்டியை மறைத்து, வேலியைத் தாண்டி, ஜனங்களை மறைத்தது. உள்ளே அவள் வண்டியைச் சுழற்றிச் சுழற்றி அடித்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள் பாவி மகள் என்று லீத் நினைத்தான். பீரங்கி வெடித்த மாதிரி இடது டயர் வெடித்தது. வெள்ளைப் புகைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் எழும்பி, சுழன்று, கரைந்தது. ஊர் ஓவென்று கத்தியது. ராய்ஸ் குழந்தை மாதிரி அழுதுகொண்டே, "போ அண்ணா, போ!" என்று கத்தினான். "இன்னொண்ணு! இன்னொண்ணு!"

வலது டயர் நூல்நூலாகப் பிரியும் வாசனை வந்தது. இன்னும் ஒரு கணம்தான்.

எஞ்சின் குரல் இறங்கியது. இறங்கி, தணிந்து, நின்றது.

தீயணைப்பு ஆட்கள் ஓடினார்கள். லீத் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. எரிபொருள் பத்தாமல் சாகிற எஞ்சின் அடித்துக்கொண்டு சாகும். இருமும், வெடிக்கும், வாய் வழியே நெருப்பைத் துப்பும். இது அப்படிச் சாகவில்லை. தூங்கப்போகிற குழந்தையின் மூச்சு மாதிரி இறங்கியது. கால் எடுத்தால்தான் அப்படி இறங்கும். அப்புறம் சாவியைத் திருப்பினால்தான் அப்படி நிற்கும்.

புகை விலகியது. நோலின் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் அவளிடம் முதலில் ஓடினான். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு நோலின்?"

"நின்னுடுச்சு," என்றாள். "தானா நின்னுடுச்சு." சொல்லிவிட்டு லீத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் அதற்கு முன் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை.

அறிவிப்பாளர் மைக்கை நீட்டிக்கொண்டு லீத்திடம் வந்தார். "லீத், உன் வண்டி தளத்துல நின்னு நாங்க பாத்ததே இல்லையே. என்னப்பா ஆச்சு?"

வேலிக்கம்பி நெடுக முகங்கள். வண்டி கட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், அடுத்த வருஷத்துக்கு அவனிடம் தேதி கேட்டிருந்தவர்கள், அவனைத் தோற்கடிக்க வருஷக்கணக்காகக் காத்திருந்த டியூனர்கள். லீத் மைக்கை வாங்கினான்.

"என் தப்பு," என்றான். "எரிபொருள் பத்தல. உச்சத்துல எவ்வளவு குடிக்கும்னு தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். நோலின் சரியாத்தான் ஓட்டினா. டியூன்தான் சரியில்ல."

யாரோ ஒருவன் ஊளையிட்டான். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ராய்ஸ் அவன் சட்டையைப் பிடித்தான். "சரி பண்ணு! டயர் இன்னும் வெடிக்கல, அவன் பாதி உள்ளதான் இருக்கான். சரி பண்ணுடா, நான் ஓட்டறேன்!"

"முடியாது. எஞ்சின் போச்சு."

"வேணும்னே பண்ணினியாடா? அவன் உன்ன கேலி பண்ணினதுக்கா?" "ஊர் பூரா பீத்திக்கிட்டியே, என் கைபட்டா நிக்காதுன்னு. எங்க அண்ணன் போறப்பதானா உனக்கு நிக்கணும்?"

ராய்ஸ் சட்டையை விட்டுவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போனான்.

இருட்டுவதற்குள் வண்டியை டிரெய்லரில் ஏற்றி டாரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், லீத்தும் நோலினும் மட்டும். ஒரு மண்ணும் ஆகாத எஞ்சினை அவன் பெட்ரோல் விட்டுக் கழுவினான். பிறகு ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றினான். டயர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. காற்று மட்டும் போகவில்லை.

"எங்க வைக்க?" என்று கேட்டான்.

"உள்ள. கட்டில் பக்கத்துல."

வாசல்படியில் தூக்கி ஏற்றி, நடைவழியில் உருட்டினான். உருள உருள, டயருக்குள் சாம்பல் சரசரவென்று புரண்டு விழுகிற சத்தம் கேட்டது. நோலின் பின்னாலேயே வந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா உருட்டு லீத்," என்றாள். "அவனுக்குத் தலை சுத்தப் போகுது."